மகளோடு சாப்பிட்ட இத்தாலியச் சாப்பாடு

அமெரிக்கா போய்விட்டு வந்தேன் என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "நயாகரா பார்த்தீங்களா?" என்பதுதான். பார்க்கவில்லை. சுதந்திர தேவி சிலையையும் பார்க்கவில்லை. ஆறு வாரமும் நியூ ஹேவன் என்ற ஒரே ஊரில்தான் இருந்தேன். அங்கே நான் பார்த்ததெல்லாம் என் பெண்ணையும், சனிக்கிழமைக்கு ஒன்றாக ஐந்து இத்தாலியச் சாப்பாட்டுக் கடைகளையும்தான். "இதுக்கா மதினி, எல்.ஐ.சி. பணத்தை எடுத்துட்டுப் போனீங்க?" என்று என் நாத்தனார் கேலி செய்தாள். இதற்குத்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்கு ரயில்வே வேலை, இருபது வருஷமாகச் சென்னை வாசம். பரம்பரையாகச் சைவச் சாப்பாடு. முட்டைகூட வீட்டுக்குள் வந்ததில்லை. மூத்தவள் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்துப் போனபோது, விமான நிலையத்தில் அவள் கையைப் பிடித்து நான் ஒரு சத்தியம் வாங்கினேன். "எது வந்தாலும் நம்ம சாப்பாட்டை விட்டுடாதட்டி." அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஏப்ரல் மாதம் நான் போய் இறங்கினேன். நியூயார்க்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். ஸ்டேஷனில் வந்து நின்றவளைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, உதடு வெளுத்துப்போய் நின்றாள். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன். பாதி ரொட்டி, ஒரு டப்பா தயிர், ஊறுகாய் பாட்டில். அவ்வளவுதான்.

நான்காம் நாள் மேஜையைத் துடைக்கும்போது ஒரு மருந்து டப்பா கிடைத்தது. இரும்புச்சத்து மாத்திரை. பாதிகூடத் தீரவில்லை. கேட்டதற்கு, பல்கலைக்கழக டாக்டர் ஆறு மாதம் முன்பே ரத்தம் பார்த்தாராம். ஹீமோகுளோபின் 9 தானாம். மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் நிறுத்திவிட்டாளாம். எங்களிடம் மூச்சு விடவில்லை.

சும்மா இருப்பேனா? ரசம் வைத்தேன், பருப்பு வைத்தேன், கீரை கடைந்தேன். கடுகு தாளித்ததில் புகை எச்சரிக்கை மணி அடித்து மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். இத்தனைக்கும் அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும்மா" என்று எழுந்து போனாள். பேச்சும் அப்படித்தான், இரண்டு வார்த்தை.

முதல் சனிக்கிழமை அவளாகவே சொன்னாள்: "அம்மா, இந்த ஊர்ல பீட்சா ரொம்பப் பிரசித்தம். உன்னைக் கூட்டிட்டுப் போறேன், வர்றியா?" ஓட்டல் என்றாலே முகம் சுளிக்கிற நான், சரி என்றேன். மகள் வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயமாயிற்றே!

சென்னைத் துணியும் யேல் பெயரும்

போகிற வழியில் பச்சைப் புல்வெளி. நியூ ஹேவன் கிரீன் என்று பெயர். அதைத் தாண்டினால் கோட்டை மாதிரிக் கல் கட்டடங்கள். இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். எலிஹு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில்தான் 1680-ல் அவர் கல்யாணம் நடந்தது. இங்கே வியாபாரத்தில் ஏகமாகச் சம்பாதித்தார். ஊழல் புகாரில் பதவியும் போயிற்று. கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய காலமும் அதுதான். 1718-ல் அவர் அந்தச் சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், அரசர் படம் ஒன்றும் அனுப்பினார். மூட்டைகளில் துணிமணிகள் இருந்தன. அதை விற்ற பணம் கட்டடத்துக்கு உதவியது. பெயர் யேல் ஆயிற்று.

"பார்த்தியா, நம்ம ஊரு பணம்தான். நீ உரிமையோட படிக்கலாம்" என்றேன். வந்த நாலு நாளில் அன்றுதான் அவள் சிரித்தாள்.

வூஸ்டர் தெரு

கிரீனிலிருந்து இருபது நிமிஷம் நடந்தால் வூஸ்டர் சதுக்கம் என்று ஒரு பூங்கா. நாங்கள் போன சமயம் செர்ரி மரங்கள் பூத்து ரோஜா நிறத்தில் குலுங்கின. அதை ஒட்டினதுதான் வூஸ்டர் தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இத்தாலியில் அமால்ஃபி கடற்கரைப் பக்கத்து ஏழை ஜனங்கள் பிழைப்புத் தேடி இங்கே வந்தார்கள். சார்ஜென்ட் என்ற பூட்டுத் தொழிற்சாலை அவர்களில் பலருக்கு வேலை கொடுத்தது. பெண்கள் தையல் ஆலைகளுக்குப் போனார்கள். வந்தவர்கள் தங்கள் ஊர் அடுப்பையும் கைப்பக்குவத்தையும் கொண்டுவந்தார்கள்.

மயோரி என்ற ஊரிலிருந்து வந்த ஃபிராங்க் பெப்பே 1925-ல் ஆரம்பித்த கடைக்குத்தான் முதலில் போனோம். வாசலில் வரிசை. நாற்பது நிமிஷம் நின்றோம். நம் கோயில் பிரசாத வரிசை பழகியவளுக்கு அது ஒரு பொருட்டா? உள்ளே பெரிய வெள்ளை அடுப்பு. எரிப்பது நிலக்கரி. ஆளைவிட நீளமான மரத் துடுப்பால் மாவை உள்ளே தள்ளி, திருப்பி, எடுக்கிறார்கள்.

இந்த ஊரில் பீட்சாவை 'அப்பீட்ஸ்' என்கிறார்கள். நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சு வழக்காம். 'பிளெய்ன்' என்று கேட்டால் வெறும் தக்காளிச் சாறும் தூவிய சீஸும்தான். மொசரெல்லா சீஸ் வேண்டுமானால் தனியாகச் சொல்ல வேண்டும். கடையின் பெரும் புகழ் வெள்ளை கிளாம் பீட்சா. கிளாம் என்றால் சிப்பி வகை, நமக்கு ஆகாது. சீஸே வேண்டாம், தக்காளியும் பூண்டும் போதும் என்று கேட்டோம்.

தட்டில் வந்ததும் திடுக்கிட்டேன். ஓரமெல்லாம் கரி! "ஏட்டி, தீய விட்டுட்டானே!" என்றேன். "அதுதான்மா இங்க அழகு" என்றாள். கடித்துப் பார்த்தேன். தணலில் சுட்ட ரொட்டி வாசனை, தக்காளிப் புளிப்பு, பூண்டு. நம் தக்காளித் தொக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வையுங்கள். தக்காளி இத்தாலிக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. இரண்டு பேருக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான்.

அவள் மூன்று துண்டு சாப்பிட்டாள். நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை நடந்தது

அடுத்த வாரம் மேஜை விரிப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் போட்ட ஒரு கடை. பெயர் வேண்டாம். காய்கறி சூப் என்று போட்டிருந்தது. காய்கறிதானே என்று வாங்கினோம். காரட், பீன்ஸ், தட்டைப்பயறு மாதிரி ஒரு பயறு, உள்ளே குட்டிக் குட்டி மக்ரோனி. நான் நாலு ஸ்பூன் குடித்திருப்பேன். ஏதோ ருசி வேறாகப் பட்டது. பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு மகள் கேட்டாள். "காய்கறி சூப்தான். கோழி வேகவைத்த தண்ணீரில் செய்கிறோம்" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். வயிறு கலங்கியது உண்மை. ஆனால் எதிரே பார்த்தால் என் பெண் முகத்தில் ரத்தமே இல்லை. கை நடுங்குகிறது. கண்ணில் தண்ணீர்.

"கிடக்கட்டும் விடுட்டி. தெரியாமத்தானே குடிச்சோம்" என்றேன்.

அவ்வளவுதான், உடைந்து அழ ஆரம்பித்துவிட்டாள். விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. வந்த முதல் மாதமே இப்படி ஒரு விருந்தில் தெரியாமல் ஏதோ சாப்பிட்டுவிட்டாளாம். எனக்குக் கொடுத்த சத்தியம் போயிற்றே என்று அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லையாம். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் பயம். ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்பவர்கள் மத்தியானம் கூப்பிட்டால், "சாப்பிட்டாச்சு" என்று பொய். நாலு தடவை கூப்பிட்டவர்கள் அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். தனியாக ரொட்டியும் தயிரும். அதுவும் சில நாள் கிடையாது. படிப்பையே விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தாளாம்.

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? சத்தியம் வாங்கினதே நீதானே?"

சகோதரிகளே, அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் மெலிந்ததற்குக் குளிரைக் காரணம் சொன்னேன், படிப்பைச் சொன்னேன், கண்ணேறு என்றுகூட நினைத்தேன். காரணம் விமான நிலையத்தில் நான் சொன்ன வார்த்தை என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது சொன்னேன்: "சத்தியத்தை நான் திரும்ப வாங்கிக்கிட்டேன். சைவமா இருக்கறது இனிமே உன் இஷ்டம். ஆனா பட்டினி கிடக்கச் சொல்லி நான் சத்தியம் வாங்கலை, தெரிஞ்சுக்கோ." கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவள், "எனக்கு அது பிடிக்கலைம்மா. சைவம்தான் பிடிச்சிருக்கு. பயம்தான் வேண்டாம்" என்றாள்.

கேட்கக் கற்றுக்கொண்டோம்

பயம் போக வேண்டுமானால் விவரம் தெரிய வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, அவள் படித்துச் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற தாய்மார்களுக்கு உதவும் என்று இங்கே தருகிறேன்.

சூப்பும், 'ரிசொட்டோ' என்கிற குழைந்த அரிசிச் சாதமும் பல இடத்தில் கோழி அல்லது மாட்டு எலும்புச் சாற்றில் வேகிறது. கட்டாயம் கேட்க வேண்டும்.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற துருவல் சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பைச் சத்தைச் சேர்ப்பது அதன் விதி. பெக்கொரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினது. மொசரெல்லாவில் தயாரிப்புக்குத் தயாரிப்பு வித்தியாசம். தாவர வகையோ நுண்ணுயிர் வகையோ சேர்த்துத் திரித்ததும் கிடைக்கிறது. பச்சையாக இருக்கும் பெஸ்டோ துவையலிலும் சீஸ் உண்டு.

சீஸர் சாலட் என்ற பெயரில் வரும் கீரைத் தட்டின் குழம்பில் நெத்திலி மாதிரி ஒரு மீன் இருக்கும். 'புட்டனெஸ்கா' என்ற தக்காளிச் சாறிலும் அப்படியே.

கடையிலேயே பிசைந்து செய்யும் புதுப் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை சேரும். பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தா அநேகமாகக் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். நம் சேமியாவின் அண்ணன்.

இனிப்பில் திராமிசூவில் முட்டை உண்டு, மதுவும் சேர்ப்பதுண்டு. பன்னா கோட்டாவில் ஜெலட்டின். கனோலி என்ற குழல் பலகாரத்தின் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம்.

பயமில்லாமல் கேட்கக் கூடியவையும் உண்டு. தக்காளி, பூண்டு, எண்ணெய், துளசி ஜாதி இலை சேர்ந்த மரினாரா. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேர்ந்த பாஸ்தா. சீஸ் இல்லாத தக்காளி பீட்சா. எதற்கும், "இறைச்சி இல்லையே?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்தத் தண்ணீரில் வேகவைத்தீர்கள்? மீன் உண்டா? முட்டை உண்டா?" என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தெரியாவிட்டால் உள்ளே போய் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்கள்.

மூன்றாம் வாரம் ஸ்டேட் தெருவில் 1934-லிருந்து இருக்கும் மாடர்ன் கடை. அங்கே அடுப்பு எண்ணெயில் எரிகிறது. கேள்விகளை நான் தமிழில் சொல்ல, அவள் இங்கிலீஷில் கேட்டாள். நான்காம் வாரம் மறுபடி வூஸ்டர் தெரு, சாலிஸ் கடை. பெப்பேயின் மருமகன் முறை சால்வதோர் கொன்சிலியோ 1938-ல் தொடங்கியது. அவர் 1989-ல் மறைந்த பிறகும் அவர் மனைவி ஃபுளோரா, 2012-ல் காலமாகும் வரை கடையைக் கட்டிக் காத்தாராம். கேட்டதும் அந்த அம்மாளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அன்று கேள்விகளை அவளே கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, அதே தெருவில் 1922-லிருந்து இருக்கும் லிபிஸ் மிட்டாய்க் கடையில் எலுமிச்சை ஐஸ் வாங்கி, செர்ரி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பூவெல்லாம் அதற்குள் உதிர்ந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பில்லைப் பார்த்து ரூபாயில் பெருக்கினால் சாப்பாடு இறங்காது. விலைக்கு மேல் 7.35 சதவீத வரி. பரிமாறியவருக்கு 18-லிருந்து 20 சதவீதம் தனியாக வைக்க வேண்டும். எங்களுக்கு ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும், மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் தருவார்கள். பீட்சாவில் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ள நான் இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். வாரம் ஒருநாள் விருந்துக்குச் சரி, தினச் சாப்பாட்டுக்கு அல்ல.

டாக்டர் சொன்னது

நடுவில் ஒரு நாள் அவளோடு டாக்டரிடம் போனேன். மாத்திரை வயிற்றைப் புரட்டினால் நிறுத்தக்கூடாதாம். சொன்னால் வேறு வகை தருவார்களாம். அப்படியே மாற்றித் தந்தார். ஆரஞ்சுச் சாறோடு சாப்பிட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும், காபி டீயோடு சாப்பிட்டால் சேராது என்றார். மாத்திரைக்கு மட்டுமல்ல, பயறு, கீரை சாப்பிடும்போதும் இதே கதைதான். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். சைவக்காரர்களுக்கு பி-12 சத்தும் குறையலாம் என்று அதையும் பார்க்கச் சொன்னார்.

அதனால் ஐந்தாம் வாரம் பயறு போட்ட பாஸ்தா கிடைக்கும் ஒரு சின்னக் கடையைத் தேடிப் போனோம். பன்றி இறைச்சி போடாமல், வெறும் தண்ணீரில் செய்து தருவீர்களா என்று கேட்டாள். தந்தார்கள். அதை இப்போது எங்கள் வீட்டிலும் செய்கிறேன். சர்க்கரை உள்ள என் வீட்டுக்காரருக்கு அளவாகத்தான். பாஸ்தாவைக் குழைய விடாமல் பல்லில் படும் பதத்தில் எடுத்தால் சர்க்கரை சற்று மெதுவாக ஏறும்.

தட்டைப்பயறு பாஸ்தா (நாலு பேருக்கு): ஒரு கப் தட்டைப்பயறை இரவே ஊறவைத்து, குக்கரில் நாலு விசில் விடவும். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் ஆறு பல் பூண்டு, ஒரு வெங்காயம், ஒரு காரட்டைப் பொடியாக நறுக்கி வதக்கவும். நாலு பழுத்த தக்காளியை அரைத்து விட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடவும். பயறை வெந்த தண்ணீரோடு சேர்த்து, பாதியைக் கரண்டியால் மசிக்கவும். இன்னும் இரண்டு கப் வெந்நீரும் உப்பும் சேர்த்து, கொதிக்கும்போது ஒரு கப் குட்டை மக்ரோனி போடவும். வெந்ததும் இறக்கி, மிளகுத்தூள், துளசி நாலு இலை, அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு. எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல, பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டவும்தான்.

ஆறாம் சனிக்கிழமை

கடைசிச் சனிக்கிழமை நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் விமானம். மகளுக்கு ஃபோன் வந்தது. பேசிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் நாலு பேர் பீட்சாக் கடைக்குப் போகிறார்களாம். கூப்பிடுகிறார்களாம். "உன் கடைசி நாள்மா, நான் போகலை."

"போய்ட்டு வாட்டி" என்றேன். வாசல்வரை வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று ராத்திரி முந்தின நாள் ரசத்தைச் சுட வைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். நிம்மதியாகவே சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு வந்தாள், கையில் ஒரு பெட்டி. "உனக்கும்மா. சீஸ் இல்லாதது. கேட்டுத்தான் வாங்கினேன்." மறுநாள் காலை அந்த ஆறிப்போன இரண்டு துண்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்ததில் 11-க்குக் கொஞ்சம் மேல். இன்னும் ஏற வேண்டும். இப்போதெல்லாம் ஃபோனில், "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. "யாரோட சாப்பிட்டே?" என்றும் கேட்கிறேன்.

பிள்ளைகளை வெளியூர் அனுப்பும் தாய்மார்களே, விமான நிலையத்தில் சத்தியம் வாங்காதீர்கள். தவறிப்போனால் அம்மாவிடம் சொல்லலாம் என்கிற தைரியத்தைக் கொடுத்து அனுப்புங்கள். ஊறுகாய் பாட்டிலைவிட அதுதான் அவர்களுக்குத் தேவை.